குந்த முடியாத கங்காணி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது. நான் அட்டைக்கு முழங்காலைக் கொடுத்தவன். அட்டை வந்து கடித்தது என்று சொல்லவில்லை, அது மழைக்காலத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். நானாகத் தேடிப் போய், ஓடைக்கரையில் பிடித்து, பழைய ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

தேயிலை மலையில் வேலை செய்கிற எங்களுக்கு அட்டையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலுக்குச் சவுக்காரம் பூசுவோம், உப்புப் பொட்டலத்தை இடுப்பில் செருகுவோம், ஏறினால் தட்டுவோம், கடித்தால் பிய்த்து எறிவோம். இப்படி வாழ்நாள் முழுக்க அட்டையோடு சண்டை போட்ட ஒரு கங்காணி, ஐம்பத்தெட்டு வயதில் அதற்கு விருந்து வைத்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டாளி ஒருவன் கொடுத்த யோசனை அது. முழங்காலுக்குள் கெட்ட ரத்தம் தேங்கி நிற்கிறதாம். அட்டை அதை உறிஞ்சிவிட்டால் வலி போய்விடுமாம். எங்கோ கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து அட்டை வைத்துக்கொள்கிறார்களாம். நமக்குச் சும்மா கிடைக்கிறதே என்று நான் நினைத்தேன்.

அட்டைகள் திருப்தியாகக் குடித்துவிட்டு உருண்டு விழுந்தன. கெட்ட ரத்தம், நல்ல ரத்தம் என்று அவை பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பொழுது சாயும்வரை ரத்தம் நிற்காமல் இடுப்பில் கட்டிய சாரம் நனைந்தது. இரண்டொரு நாளில் கடிவாய்கள் சீழ் பிடித்தன. வலி இருந்த இடத்திலேயே இருந்தது, துணைக்கு அரிப்பும் வந்து சேர்ந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த என் மனைவி போத்தலையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். போத்தலில் மிச்சமிருந்த அட்டைகள் மேல் உப்பைக் கொட்டினாள். எனக்கும் கொஞ்சம் கொட்டியிருப்பாள், உப்பு தீர்ந்துவிட்டது.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்த ஒருவன் முழங்காலில் அட்டையை எடுத்து வைக்கிறான் என்றால் அவன் எந்த நிலைக்குப் போயிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால், அது என் கால் இல்லை, யாரோ சிமெந்து பூசிவிட்டுப் போன கால். நிலைப்படியைப் பிடித்து நின்று, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். நடந்தால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். ஏற்றத்தையாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். இறக்கம்தான் உயிரை எடுக்கும். எங்கள் தோட்டத்தில் இறக்கம் இல்லாத இடம் என்று பார்த்தால் கோயில் வாசல் ஒன்றுதான்.

சீழ் வைத்த காலோடு ஹட்டனில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளினிக்கில் இருந்தவர் இளம் சிங்கள டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் “சீயா, வாடிவென்ன” என்றார். தாத்தா, உட்காருங்கள் என்று அர்த்தம். வலியைவிட அந்த சீயாதான் முதலில் குத்தியது. முழங்காலைச் சுற்றியிருந்த கடிவாய்களைக் காட்டி இது என்னவென்று கேட்டார். என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். அவர் தாதியைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியதை மட்டும் நான் பார்த்தேன்.

பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணவில்லை, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டு இருந்தன. வெட்டி மாற்றிவிடுங்கள் என்று நானே கேட்டேன். இப்போதைக்கு அது இல்லை என்றார். நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், கட்டுக்குள் இல்லை, நெஞ்சுக்கு மாத்திரை எடுக்கிறேன், உடம்பும் கனம். முதலில் வெட்டாமல் சமாளிக்கிற வழியைப் பார்ப்போம், ஒழுங்காகச் செய்தால் வெட்ட வேண்டிய தேவையே வராமலும் போகலாம் என்றார். நோர்வூட் பஸ் ஏறும்வரைக்கும் எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. வெட்டினால் ஒரு நாளில் முடிகிற வேலையை இனி தினமும் நான் செய்ய வேண்டும் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

அவர் சொன்னவை பெரிய ரகசியங்கள் இல்லை. பாரத்தைக் குறை. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்காதே, வயிறும் சிறுநீரகமும் போய்விடும். சுடுதண்ணி ஒத்தடம் கொடு. கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து மெதுவாக இறக்கு. எழும்பும்போது பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள். தொடைச் சதை பலமானால் முழங்காலின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். கம்பு ஊன்று, அதையும் வலிக்காத பக்கத்துக் கையில் ஊன்று. கடைசியாக, குந்தாதே. இதை மட்டும் அவர் வார்த்தையோடு விடவில்லை. எழுந்து வந்து என் முன்னால் குந்திக் காட்டி, கையை ஆட்டி, கூடாது என்றார். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்தார். அந்த எழும்புதலைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையை எந்தப் பணக்காரனைப் பார்த்தும் நான் பட்டதில்லை.

கம்பு ஊன்றிக்கொண்டு கொஞ்ச நாள் வேலைக்குப் போனேன். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் மலை ஏறி, முற்றல் இலை சேராமல் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் காலத்துக் கங்காணிகள் கம்போடு நிற்பார்களாம், ஆளை அடிப்பார்களாம். என் கையில் கம்பைப் பார்த்ததும் மலை முழுக்கச் சிரிப்பு.

“கங்காணி மாமா, பழைய காலம் திரும்பிருச்சா? எங்கள அடிக்கப் போறீங்களா?”

“இது என்னயத்தான் அடிக்குது தாயி” என்றேன்.

சில நாளில் ஏறவும் முடியவில்லை. ரோட்டில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினேன். கீழேயே இருங்க மாமா, கொழுந்தைத் தூக்கிக் காட்டுகிறோம், கண்ணாலேயே நிறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு லயத்து வரிசையில் என் வீட்டுக்கு வந்து படுத்தேன்.

குந்தாதே என்ற விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவன் குந்தாமல் என்ன செய்வான். அடுப்புக்கு முன்னால் குந்துவோம், தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் குந்துவோம், ரோட்டோரத்தில் குந்தி ஊர்க்கதை பேசுவோம். இதையெல்லாம் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் எப்படி விடுவது. எங்கள் லயத்துக்குப் பின்னால், ஈரப் படிகள் இறங்கிப் போனால், பல வீட்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு கக்கூஸ். குந்துகிற கக்கூஸ். உள்ளே பிடிக்க ஒன்றுமில்லை, வழுக்குகிற சுவர்தான். போய்க் குந்துவது ஒரு மாதிரி நடந்துவிடும், பாரமே இழுத்து இறக்கிவிடும். எழும்ப முடியாது.

அதனால் என் மனைவி வந்தாள். படியில் என்னை இறக்கி, கதவுக்கு வெளியே நின்று, நான் கூப்பிட்டால் உள்ளே வந்து கைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிவிடுவாள். காலையில் அவள் சமைத்து, ரொட்டி சுட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டிய நேரம் அது. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை இல்லை. பிந்தி வந்த எத்தனையோ பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது என் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நினைக்கவில்லை.

எனக்கு அப்போது உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தனியாகப் போய், தனியாக எழுந்து, தனியாகத் திரும்பி வர வேண்டும். சாமி கும்பிடும்போது இதை எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. முழங்காலைக் குணமாக்கு என்று பொதுவாக வேண்டிக்கொண்டேன். சாமிக்கு விவரம் புரியவில்லை போலும்.

பிறகு இன்னொரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தேன். அவள் ஊற்றி வைத்துவிட்டுப் போகிற தேத்தண்ணியை வாசலோரம் அழுக்குத் தண்ணி ஓடுகிற கானில் ஊற்றினேன். பாரமும் குறையும், போகிற வேலையும் குறையும் என்று கணக்கு. கடைசியில் வயிறு கல்லாகிவிட்டது. போகிற நாட்கள் குறைந்தன, போன நாளில் உள்ளே இருக்கிற நேரம் இரட்டிப்பானது. தலைச்சுற்றல் வேறு. சீனி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் வேறென்ன வரும். கானில் தேத்தண்ணிக் கறையைப் பார்த்த அன்று அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் அவள் பெரட்டுக்குப் போன பிறகு வயிறு கலக்கியது. நல்ல மழை. கம்பை ஊன்றிப் படியில் இறங்கினேன், கதவைத் தாழ் போட்டேன், குந்தினேன். எழும்பப் பார்த்தேன். முழங்காலுக்குள் யாரோ கத்தியைத் திருப்புவது போலிருந்தது. திரும்பக் குந்தினேன். சுவரில் கையை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. கம்பை ஊன்றிப் பார்த்தேன், அதுவும் வழுக்கியது. கால்கள் மரத்துப் போயின. கீழே எங்கே விழுந்துவிடுவேனோ என்ற பயம். எங்கே விழுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வெளியே லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். யார் உள்ளே என்று கேட்டாள். நான்தான் என்றேன். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்றாள்.

“காலக் கேட்டுத்தான் சொல்லணும் தாயி” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். உள்ளே தூங்கிவிட்டீர்களா என்றாள். வாடகை கொடுத்துத் தங்கியிருக்கிறேன் என்றேன். அதற்கும் சிரித்தாள். மூன்றாவது தடவை வந்தபோது தட்டவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, எந்திரிக்க முடியலையா?”

அதற்குச் சொல்ல என்னிடம் பகிடி எதுவும் இருக்கவில்லை. என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவள் மழையில் மலைப் பக்கம் ஓடுவது கேட்டது.

என் மனைவி வரும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. மலையில் எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன், எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், இப்போது சாரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு குழிக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறேன். செத்துவிட்டால் இந்த நிலையில்தான் என்னை எடுப்பார்கள் என்று தோன்றியது. அதனால் சாகக்கூடாது என்று முடிவு செய்தேன். வாழ்வதற்கு வேறு காரணம் எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கம்பால் தாழைத் தட்டித் திறந்தேன். கூடையை வெளியே எறிந்துவிட்டு உள்ளே வந்து, என் இரண்டு கைக்கும் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். நான் கத்தினேன். அவள் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கால் கழுவி, சாரம் மாற்றி, பக்கெட்டில் சுடுதண்ணி வைத்து ஒத்தடம் கொடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பேசினாள்.

“நான் பேர வெட்டச் சொல்லிடுறேன். வீட்ல இருந்து பாத்துக்கிறேன்.”

செக்ரோலில் இருக்கிற தன் பெயரை வெட்டச் சொல்கிறேன் என்கிறாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறாள். வயதுக்கு வருமுன்பே கூடை மாட்டியவள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். மலையில் அவள் நிரையில் நின்றால் மற்றவர்கள் பின்தங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பை வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரை என் கக்கூஸுக்காக வெட்டப் போகிறாள். நான் மன்றாடினேன். தீபாவளி வரைக்கும் பொறு என்றேன். அதற்குள் நானாகப் போய்வந்துவிடுவேன், இல்லாவிட்டால் உன் இஷ்டம்.  தீபாவளிக்குப் பிறகு உங்களைக் கேட்க மாட்டேன், நானே பெயரை வெட்டிவிடுவேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

அன்றிலிருந்து கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டுவதுதான் என் தொழில். நீட்டு, பிடி, இறக்கு. தொடை நடுங்கும். கண்ணில் தண்ணீர் வரும். லயத்தில் போகிறவர்கள் கங்காணி யாரை உதைக்கிறார் என்று கேட்டார்கள். சில நாள் வலி குறைந்தது போலிருக்கும், அடுத்த நாள் பழையபடி வீங்கி நிற்கும். செய்ததெல்லாம் வீண் என்று கதிரையை வெளியே தூக்கி எறிந்த நாளும் உண்டு. எறிந்த பிறகு அதை எடுக்கப் போவதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குப் போனேன், புது எண்ணெய் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. நான் வாடிக்கையாக எண்ணெய் வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம். சிவப்பு எண்ணெய், பச்சை எண்ணெய், ஒட்டகப் படம் போட்ட எண்ணெய் என்று எல்லாவற்றையும் எனக்கு விற்றவர். அன்று போத்தலை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். எண்ணெய் தடவினால் தடவுகிற நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான், இனி உங்களுக்கு விற்க மனம் வரவில்லை என்றார்.

“எங்க உம்மாவுக்கும் இதே வருத்தம்தான் கங்காணி. கதிரையில இருந்துதான் தொழுறாங்க. கக்கூஸுக்கும் ஒரு கதிரைய வெட்டிக் குடுத்திருக்கேன். நீங்க ஏன் இன்னும் குந்துறீங்க?”

 அத்தனை மாதமாக முழங்காலை மாற்றத்தான் யோசித்தேன். குந்துவதை மாற்றலாம் என்று எனக்கு ஓடவே இல்லை. எங்கள் லயத்தில் கதிரை என்பது விருந்தாளிக்குப் போடுவது. அதில் ஓட்டை போடுவதா.

நானா கொடுத்த பிளாஸ்டிக் கதிரையை நானே வெட்டினேன். ஓட்டையைக் கூடுதலாக வெட்டிவிடாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். கூடுதலாகத்தான் வெட்டினேன். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தபோது பாதி ஆள் உள்ளே போய்விட்டேன். எழுந்தால் கதிரையும் என்னோடு எழுந்தது. என் மனைவி கதிரையைப் பிடித்து இழுக்க, நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொள்ள, என்னைப் பிரித்தெடுத்தோம். அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். கூட்டாளி, அதே அட்டை யோசனைக்காரன், அதற்கு அடியில் பலகை அடித்து ஓட்டையைச் சின்னதாக்கிக் கொடுத்தான். அந்தப் பாவத்துக்கு இது பரிகாரம் என்றான்.

கக்கூஸ் பொது என்பதால் கதிரையை அங்கே விட்டுவைக்க முடியாது. தினமும் காலையில் கொண்டுபோக வேண்டும், கொண்டுவர வேண்டும். முன்னால் அவள் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள், பின்னால் நான் கம்பு ஊன்றிக்கொண்டு படி படியாக இறங்குவேன். சாமி ஊர்வலம் புறப்பட்டாச்சு என்று லயமே வேடிக்கை பார்த்தது. நான் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். வேறென்ன செய்வது. ஆனால் கதிரையிலிருந்தும் சும்மா எழும்பிவிட முடியவில்லை. பெரும்பாலான நாட்கள் அவள் கதவைத் திறந்து கை கொடுக்க வேண்டித்தான் இருந்தது. கடைகளில் பட்டாசு தொங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் காம்பராவில் முறுக்குச் சுடுகிற வாசம் வந்தது. எனக்குத் தீபாவளி வருகிறது என்று தோன்றவில்லை, தீர்ப்பு வருகிறது என்று தோன்றியது.

தீபாவளிக்கு ஒரு கிழமை முன்னால், சாரலும் குளிருமாக ஒரு காலை. கதிரையை வைத்ததும் அவளை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். நான் கூப்பிட்டாலும் வராதே என்றேன். அவள் போய் நின்றாள். படங்கு கட்டிய பெண்கள் பேசிக்கொண்டே பெரட்டுக்குப் போவது மேலே கேட்டது. அவளுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. கதவுக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. ஒன்றை மாற்றி ஒன்றை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

என் காரியம் முடிந்தது. பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்தேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி. கதிரைக் கையை இரண்டு பக்கமும் பிடித்தேன். எழும்புவதற்கு முன்னால் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தால் நான் பேசுவேன்.

“இந்தா புள்ள, நீ பெரட்டுக்கு போ. இனிமே பேர வெட்டுற கதையெல்லாம் பேசக்கூடாது. நான் தனியா வந்துக்குவேன்” என்றேன்.

பாதங்கள் அசையவில்லை.

“மொதல்ல எந்திரிங்க.”